ஒழுங்கைக்குள் போடிங் வீடுகள்: இந்த மனுவில் கையெழுத்து வைப்பதா?

கிணற்றடி ரீச்சர் (கந்தர்மடம், யாழ்ப்பாணம்) கேட்டது:

மாணவர்களை வாடகைக்கு வைக்கும் போடிங் வீடுகளைப் பற்றி எங்கள் ஒழுங்கையில் ஒரு மனு சுற்றுகிறது. குடியிருப்புப் பகுதியில் வீட்டையோ அறையையோ வாடகைக்கு விடுவதற்கு மாநகர சபையின் அனுமதிப்பத்திரம் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது அதன் தலைப்பு. வட்டார உறுப்பினர் அடுத்த அமர்வில் இதைப் பிரேரணையாகக் கொண்டுவருவாராம். எதிர்த்துப் பேசவும் ஆட்கள் ஆயத்தமாம். தாள் வீடு வீடாகப் போய் இப்போது என் மேசையில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார்கள்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நானும் வாடகைக்கு விடுகிறவள்தான். மேல்மாடியில் இரண்டு அறைகள், மருத்துவ பீடத்துப் பெண்பிள்ளைகள் நான்கு பேர், தலைக்கு மாதம் 7,000 ரூபா, தண்ணீரும் மின்சாரமும் அதற்குள். என் ஓய்வூதியம் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் சரியாகிவிடும். கூரை ஒழுகினால், மதில் சரிந்தால், அந்த வாடகைக் காசுதான். சபைக்குக் கட்டும் வீட்டு வரியான சோலைவரியை ஒவ்வொரு வருடமும் ஜனவரி 31க்கு முன் முழுதாகக் கட்டி 10 வீதக் கழிவையும் விடாமல் வாங்குகிறவள் நான். ஆகவே சபைக்குப் பயந்து ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

பக்கத்து வீடு வேறு கதை. உரித்தாளர்கள் வெளிநாட்டில். அவர்களுக்குப் பதிலாக நடக்கும் அதிகாரப் பத்திரமான அற்றோர்ணித் தத்துவம் வைத்திருக்கும் பொறுப்பாளர் ஒருவர் மாத முடிவில் வந்து காசு வாங்கிக்கொண்டு போகிறார். முதலில் விறாந்தையைப் பலகையால் மறித்து அறையாக்கினார். பிறகு கார் விடும் கொட்டகை அறையானது. பிறகு குசினி. இப்போது அங்கே 22 பேர் இருக்கிறார்கள், மலசலகூடம் இரண்டு. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். தேங்காய் பறிக்க ஆள் கிடைக்காத நாளில் ஏறிப் பறித்துத் தந்ததும் அவர்கள்தான். இரவில் மோட்டார் சைக்கிள்களை ஒழுங்கை முனையில் நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு வரும் பண்பு அவர்களில் சிலருக்கு இருக்கிறது, எல்லோருக்கும் இல்லை.

எனக்குள்ள பிரச்சினை மதிலுக்குக் கீழே. அவர்களுடைய மலக்குழி மதிலின் அந்தப் பக்கம், என் கிணறு இந்தப் பக்கம். ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்கு என்று வெட்டிய குழி அது. எங்கள் காணிகள் எல்லாம் இரண்டிரண்டு பரப்பு, அதாவது 20 பேர்ச். 20 பேர்ச் காணியைச் சதுரமாக வைத்துப் பார்த்தால் பக்கத்துக்கு ஏறத்தாழ 74 அடி வரும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். அப்படியானால் தன் கிணற்றிலிருந்து தன் குழியைத் தள்ளி வைக்கிறவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்? அடுத்த வீட்டுக் கிணற்றுக்குக் கிட்டத்தான். குடும்பம் சிறிதாக இருந்த காலத்தில் மண் அதைத் தாங்கியது. இங்கே மண் மேலே கொஞ்சம், கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமாக. வடிகட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. மாரியில் நிலத்தடி நீர் மேலெழுகிறபோது குழி பொங்குகிறது. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கோலிபோம் என்ற கிருமி இருக்கிறது, கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்றார்கள். நான் கொதிக்கவைக்கிறேன். மேல்மாடிப் பிள்ளைகளுக்கும் கொதிக்கவைத்துத்தான் கொடுக்கிறேன். பல் தீட்ட யார் கொதிக்கவைப்பார்?

முறைப்பாடு செய்தோம். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரைக்கும் உறுப்பினர் என்று கேட்க ஒருவரும் இருக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பிறகு ஒரு முறை அதிகாரி வந்து பார்த்தார். பொறுப்பாளர் பவுசர் வண்டி பிடித்துக் குழியை இறைத்தார். அடுத்த மழைக்குப் பழையபடி.

இனி மனுவுக்கு வருகிறேன். அதில் நான்கு கோரிக்கைகள். அனுமதி இல்லாமல் வாடகைக்கு விடக்கூடாது. மணமாகாத ஆண்களுக்கு விடக்கூடாது. தங்குகிறவர்களின் விபரங்களைப் பொலிஸ் நிலையத்தில் பதிய வேண்டும். அனுமதி கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கத்து அயலவர்களின் சம்மதக் கடிதம் வேண்டும். கிணற்றைப் பற்றியோ குழியைப் பற்றியோ ஒரு வரி கிடையாது! முப்பது வருடம் சிவப்புப் பேனை பிடித்த கை, தாளைப் பார்த்ததும் அரித்தது.

மணமாகாத ஆண் என்றால் என்ன குற்றம்? நான் படிப்பித்த அத்தனை பேரும் மணமாகாதவர்களாகத்தான் பிறந்தார்கள். பொலிஸ் பதிவு பற்றி வேறு சொல்ல வேண்டுமா? வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பட்டியல் எழுதி, படலையில் வந்து நிற்பவனுக்கு எடுத்துக் காட்டிய போர்க்காலத்தை நாங்கள் கண்டிருக்கிறோம். அதை நாங்களே மனுப் போட்டுக் கேட்பதா?

கையெழுத்து வைக்காவிட்டால், வாடகைக் காசுக்காக ரீச்சர் பின்வாங்கிவிட்டார் என்பார்கள். வைத்தால் நாளைக்கு என் மேல்மாடிக்கே பூட்டு விழலாம். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இதில் சபைக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது? புது விதி வேண்டுமா, இருக்கிற சட்டமே போதுமா?

பழைய கோப்பு (இணுவில்) பதில்:

அக்கா, உள்ளூராட்சியில் எழுதுவினைஞராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன் நான். மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பிரேரணை வேறு, சபை சட்டமாக ஆக்கும் உபவிதி வேறு. சபையில் கை உயர்த்தி நிறைவேற்றிய பிரேரணையைக் கொண்டுபோய் யாருடைய வீட்டுக் கதவையும் பூட்ட முடியாது. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் உபவிதி ஆக்கி, மாகாணத்தில் உள்ளூராட்சிக்குப் பொறுப்பானவரின் அங்கீகாரம் பெற்று, வர்த்தமானியில் வந்த பிறகுதான் அதற்குப் பல் முளைக்கும். வட மாகாண சபைக்கு 2013 இல் ஒரே ஒரு தேர்தல்தான் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலமும் முடிந்துவிட்டது. ஆகவே இப்போது கோப்பு ஆளுநரின் மேசைக்குப் போகும். பத்திரிகையில் "சபை தடை விதித்தது" என்று தலைப்பு வந்தால் உடனே பயப்பட வேண்டாம், உடனே சந்தோஷப்படவும் வேண்டாம்.

இருக்கிற சட்டங்களில் உங்களுக்குப் பயன்படக்கூடியவை சில உண்டு. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்படி, கட்டடத்தின் பயன்பாட்டைப் பெருமளவில் மாற்றுவதும் அபிவிருத்தி வேலைதான். அதற்கும் அனுமதி வேண்டும். குடும்பம் வாழும் வீடு என்று வரைபடம் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் விறாந்தையை மறித்து, கொட்டகையை மறித்து, 22 பேரை வைத்தால் அது வீடு என்ற வகையிலிருந்து நழுவிவிட்டது. அங்கீகரித்த வரைபடமும் இப்போதிருக்கும் கட்டடமும் பொருந்துகின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்ட கேள்வி கோப்பில் ஏறாது. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

குழி பொங்குவதற்கு எந்தப் புது விதியும் தேவையில்லை. 1862 ஆம் ஆண்டிலிருந்தே தொல்லைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1979 இன் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 98 ஆம் பிரிவு, பொதுத் தொல்லையை அகற்றும்படி நிபந்தனைக் கட்டளை இட நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அறிக்கை எழுதினால் வழக்கு அந்த வழியில் நடக்கும். பவுசர் பிடித்து இறைத்தது பரிகாரமாகாது. "குழியின் கொள்ளளவு, தங்கும் ஆட்களின் எண்ணிக்கை" என்ற இரண்டையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

இல்லாதது ஒன்றுதான்: ஒரு வீட்டில் இத்தனை பேருக்கு மேல் வாடகைக்கு வைத்தால் அது தங்குவிடுதி என்று எல்லை போடும் விதி. உணவகம், பேக்கரி, சிகையலங்கார நிலையம், தங்குவிடுதி போன்றவற்றுக்கு உபவிதியும் வருடாந்த உரிமக் கட்டணமும் சபைகளில் வழக்கமாக உண்டு. போடிங் வீடுகளையும் அந்த வரிசைக்குள் கொண்டுவரக் கேட்டால் நியாயம். நான்கு பிள்ளைகளை வைத்திருக்கும் உங்களையும் 22 பேரை வைத்திருக்கும் அவரையும் ஒரே தாளில் கட்டினால் இரண்டு பேரும் சேர்ந்து அந்தத் தாளைக் கிழிப்பீர்கள்.

இன்னொன்று. பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலி நல்லூர் பிரதேச சபைக்குள். கந்தர்மடம் மாநகர சபைக்குள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால், பொறுப்பாளர் கட்டில்களை லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி மறுபக்கம் இறக்குவார். பிரதேச சபைகளுக்கு 1987 இல் வந்த 15 ஆம் இலக்கச் சட்டம் வேறு. இரண்டு சபைகளும் பேசாமல் இது சரிவராது.

மூன்றாம் வருடம் (மன்னார்) பதில்:

ரீச்சர், நான் உங்கள் பக்கத்து வீட்டில் இல்லை. ஆனால் அதே மாதிரியான வீட்டில்தான் இருக்கிறேன். ஆறு பேர் ஓர் அறையில். காலையில் மலசலகூடத்துக்கு வரிசை. ஏன் அங்கே இருக்கிறாய் என்று கேட்பீர்கள். பல்கலைக்கழக விடுதியில் எல்லோருக்கும் இடமில்லை. தனி அறை எடுக்க அப்பாவின் மீன்பிடிக் காசு காணாது.

அறை தேடிப் போகிற இடத்தில் நடப்பதையும் எழுத வேண்டும். "எந்த ஊர்?" என்பார்கள். சொல்வோம். "ஊரில் எந்தப் பக்கம்?" என்பார்கள். அந்தக் கேள்வி எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பிறகு, "மகன் வருகிறார், அறை இப்போது இல்லை" என்பார்கள். அந்த மகன் ஒருநாளும் வந்ததில்லை. என்னுடன் படிக்கும் சிங்கள மாணவர்களுக்கும் முஸ்லிம் மாணவர்களுக்கும் இன்னும் கஷ்டம். 22 பேரை அடைக்கிற பொறுப்பாளர் மட்டும்தான் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறக்கிறார். அவர் நல்லவர் என்பதால் இல்லை, காசு என்பதால். ஆனாலும் திறக்கிறார்.

இப்போது உங்கள் மனுவின் நான்காவது கோரிக்கையைப் பாருங்கள். இரண்டு பக்கத்து அயலவரின் சம்மதக் கடிதம். இதுவரை படலையில் வைத்துக் கேட்ட கேள்வியை இனிச் சபையின் முத்திரையோடு கேட்கலாம். மணமாகாத ஆண்களுக்கு விடக்கூடாது என்பதையாவது வெட்கப்பட்டு யாராவது வெட்டிவிடுவார்கள். இது நியாயமான கோரிக்கை மாதிரி உள்ளே போய்விடும்.

எண்ணிக்கைக்கு எல்லை போடுங்கள், நான் எதிர்க்கவில்லை. ஆனால் படிப்பு வருடத்தின் நடுவில் நடைமுறைப்படுத்தினால் பரீட்சைக்கு முதல் கிழமை நாங்கள் பையோடு வீதியில் நிற்போம். வெளியேற்றுவதற்கு ஒரு தவணையாவது அவகாசம் எழுதுங்கள்.

ஒழுங்கை முனை பதில்:

மனுவை எழுதியவர்களில் நானும் ஒருவன். ரீச்சர் யார் என்று எனக்குத் தெரியும், நான் யார் என்று அவருக்கும் தெரியும். ஆகவே மரியாதையாகவே எழுதுகிறேன்.

வாள்வெட்டுக் கும்பல்கள் வீடு புகுந்து யன்னலை உடைத்த செய்திகளை எல்லோரும் வாசித்திருக்கிறோம். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று தெரியாத வீடு ஒழுங்கைக்குள் இருந்தால் என் மகள் ரியூசன் முடிந்து வரும்வரை நான் முனையில் நிற்கிறேன். பொலிஸ் பதிவு கேட்டது அதற்காகத்தான். பழைய காலத்தைச் சொல்லி எல்லாவற்றையும் மறுத்தால் இந்தக் காலத்துக்கு யார் பதில் சொல்வது? மணமாகாத ஆண்கள் என்று எழுதியதில் எனக்கும் முழு உடன்பாடு இல்லை, கூட்டத்தில் பெரும்பான்மை அப்படி. கிணற்று விஷயம் எங்களுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது.

மட்டுவில் பதில்:

போரில் இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு கந்தர்மடமும் நல்லூரும் திருநெல்வேலியும் செம்மணி வழியாக நடந்து எங்கள் தென்மராட்சிக்கு வந்தன. எங்கள் வளவில் ஒரு மலசலகூடம், 60 பேருக்கு மேல். யார் மணமானவர், யார் ஆகாதவர் என்று அப்பா கேட்கவில்லை. கிணறு மட்டும் கலங்கிப்போனது, அது உண்மை. ஆகவே ரீச்சர் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு.

கனடா ஸ்காபரோவில் இருந்து (சொந்த ஊர் அரியாலை) பதில்:

வெளிநாட்டில் இருக்கும் உரித்தாளர் என்றதும் எல்லோரும் பல்லைக் கடிக்கிறீர்கள். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். பூட்டிவைத்த வீட்டில் கறையான் ஏறும், யன்னல் கழன்று போகும், தண்ணீர் தேங்கி மாரியில் டெங்கு நுளம்பு பெருகும். அதற்கும் அயலவர்தான் முறைப்பாடு செய்கிறார்கள். வாடகைக்கு விட்டால் இது. கோவிலுக்கு வருகிறவர்களுக்கு நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் நாள் வாடகைக்கு விடுகிற வீடுகளும் இருக்கின்றன, அவற்றைப் பற்றி மனுவில் ஒன்றையும் காணவில்லை. ஒருவேளை கையெழுத்து வைத்தவர்களில் பலர் அதைச் செய்கிறார்களோ என்னவோ.

குடும்பத்துக்கு ஏன் விடவில்லை என்று கேட்பவர்களுக்கு: வாடகைக்கு இருப்பவர் வீட்டைவிட்டு எழும்பாவிட்டால் வழக்கு வருடக்கணக்கில் இழுபடும் என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது. எழுத்தில், முறையாகச் செய்த குத்தகைக்கு உடைமையை விரைவாக மீட்க 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வந்தபிறகு அந்தப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் நொத்தாரிசிடம் போய் உறுதி எழுதிக் குத்தகைக்கு விடுகிறவர்கள் நம்மூரில் குறைவு. தாளில் ஒன்றும் இல்லாமல் மாணவர்களுக்கு விடுவது, வருடம் முடிய அவர்களாகப் போய்விடுவார்கள் என்ற கணக்கில்தான்.

உரிமம் கேட்டால் எடுப்போம். ஆனால் உரித்தாளர் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பொறுப்பாளரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் சபையில் இருக்க வேண்டும் என்றால் சரி. தவறு நடந்தால் பொறுப்பாளரோடு எனக்கும் ஒரு கடிதம் வரவேண்டும். எனக்கு இதுவரை சபையிலிருந்து வந்தது சோலைவரி நிலுவைக் கடிதம் மட்டும்தான்.

கிணற்றடி ரீச்சர் மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. மன்னார்த் தம்பி, நான்காவது கோரிக்கையை நான் மேலோட்டமாக வாசித்துத் தாண்டியிருந்தேன். இப்போது அதன் மேல்தான் எனக்குக் கூடுதல் கோபம்.

ஒழுங்கை முனைத் தம்பி, குழாய்த் தண்ணீர் உங்களுக்கு வந்தது நல்ல விஷயம். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்தை 2024 ஓகஸ்டில் திறந்தார்கள், எங்கள் பக்கத்து இணைப்பு இன்னும் வரவில்லை. வந்தாலும் கிணற்றை மூடப்போகிறீர்களா? உங்கள் வீட்டுக் கிணறும் அதே சுண்ணாம்புக்கல்லில்தான் இருக்கிறது. உங்கள் மகள் பயமில்லாமல் வர வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. அதற்கு முனையில் ஒரு வீதி விளக்குக் கேளுங்கள், அந்தத் தாளில் கையெழுத்து வைக்கிறேன். வாளோடு வருகிறவன் எந்தப் படிவத்தை நிரப்பிவிட்டு வருகிறான்?

உங்கள் தாளில் நான் கையெழுத்து வைக்கவில்லை. வேறொரு தாள் எழுதியிருக்கிறேன், எந்த வீட்டையும் பெயர் சொல்லாமல். கேட்பது இவ்வளவுதான். வாடகைக்கு இருப்பவர்கள் ஆறு பேருக்கு மேல் என்றால் அந்த வீடு தங்குவிடுதியாகக் கணக்கிடப்பட்டு உரிமம் எடுக்க வேண்டும், நாள் வாடகை வீடுகளுக்கும் அதுவே. எத்தனை பேர் என்பதைக் குழியின் கொள்ளளவையும் மலசலகூடங்களின் எண்ணிக்கையையும் கிணற்றுத் தூரத்தையும் பார்த்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தீர்மானிக்க வேண்டும், தூரம் அளக்கும்போது அடுத்த வீட்டுக் கிணற்றையும் சேர்த்து. வருடத்துக்கு ஒரு முறை அந்தக் கிணற்று நீரைப் பரிசோதிக்க வேண்டும், செலவு உரிமம் எடுப்பவருடையது. பொறுப்பாளரின் பெயர் சபையில் இருக்க வேண்டும், உரித்தாளர் எந்த நாட்டில் இருந்தாலும் அறிவித்தல் அவருக்கும் போக வேண்டும். ஆட்களைக் குறைக்க வேண்டி வந்தால் கல்வியாண்டு முடியும்வரை அவகாசம். நல்லூர் பிரதேச சபையுடன் சேர்ந்து ஒரே விதி.

ஆறு என்பது என் நான்கு பேரைக் காப்பாற்றப் போட்ட எண் என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். என் வீட்டுக் குழியையும் வந்து அளக்கட்டும், படலை திறந்திருக்கும்.

பழைய கோப்பு ஐயா, "தங்குவிடுதியாகக் கணக்கிடப்பட்டு" என்ற இடம் சட்டத்தில் நிற்குமா? பதிவுத் தபாலில் போகவேண்டிய கடிதத்தைத் தனியாக எழுதிவிட்டேன், வரைபடத்தைப் பற்றிக் கேட்டு.

பழைய கோப்பு பதில்:

"கணக்கிடப்பட்டு" என்பதை வெட்டிவிட்டு "உபவிதியின் பொருட்டுத் தங்குவிடுதி எனக் கருதப்படுதல் வேண்டும்" என்று எழுதுங்கள். ஆறு பேரில் வீட்டுக்காரரின் குடும்பம் சேராது என்பதையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கூட்டுக்குடும்பங்கள் சண்டைக்கு வரும். தாளின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள்.

ஒழுங்கை முனை பதில்:

ரீச்சரின் தாளையும் சேர்த்து அனுப்புகிறேன், பத்து வீட்டுக்காவது நானே கொண்டுபோகிறேன். பொலிஸ் பதிவை எங்கள் தாளிலிருந்து எடுக்க மாட்டேன். அதை உறுப்பினர்கள் பேசித் தீர்க்கட்டும். வீதி விளக்குக்கு வேறு விண்ணப்பம் வேண்டுமாம், அதையும் ரீச்சரே எழுதித் தந்தால் நல்லது.